முற்குற்றம்: ஒன்று

முப்பத்தொரு வருடம் நான் மற்றவர்களுடைய குற்றங்களை எழுதினேன். எங்கள் குடாநாட்டின் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். கடைசிப் பத்து வருடமும் எனக்குத் தந்திருந்த வேலை, முன்னர் தண்டனை பெற்றவர்களின் விபரத்தை எடுத்துக் கொடுப்பது. ஒருவன் மறுபடி பிடிபட்டு வந்தால், அவன் முன்பு என்ன செய்தான், என்ன தண்டனை பெற்றான் என்பதை ஒரு தாளில் எழுதி, கீழே கையொப்பம் வைக்கவேண்டும். முற்குற்றப் பத்திரம் என்போம்.

போதைப்பொருளோடு இரண்டாம் தரம், மூன்றாம் தரம் அகப்படுகிறவர்களுக்குத் தண்டனையை இன்னும் இறுக்கவேண்டும் என்று இப்போது எங்கும் கதை. செத்தவீட்டிலும் அதுதான், கலியாண வீட்டிலும் அதுதான். போன கிழமை, என் கதிரையில் இப்போது இருக்கும் பெண் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, சட்டம் இறுகினா இனி எங்கடை பத்திரத்திலைதான் எல்லாம் தொங்கப்போகுது," என்றாள்.

"இவ்வளவு நாளும் மட்டும் எதிலை தொங்கினது?" என்று கேட்டேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு எனக்குத் தவசீலனின் ஞாபகம் வந்துவிட்டது. அவனைப் பற்றி எழுதுவதென்றால் என்னைப் பற்றியும் எழுதவேண்டும். வேலையிலிருந்து இளைப்பாறி மூன்று வருடமாகிவிட்டதால் இனி எழுதலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீதிமன்றம் ஒரு வாடகை வீட்டில் நடந்தது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த வழக்குக் கோவைகளை உழவு இயந்திரத்தில் அரிசிச் சாக்குகளில் ஏற்றி வந்தார்கள். முதல் இரண்டு வருடமும் நான் செய்தது, அந்தச் சாக்குகளை அவிழ்த்து, கறையான் தின்றது போக மிச்சத்தை வருடவாரியாக அடுக்கி, சிவப்பு நாடாவால் கட்டியதுதான். பிறருடைய கையெழுத்தை வாசிக்கவும், தூசியில் தும்மாமல் இருக்கவும் அங்கேதான் பழகினேன்.

அந்த நாட்களில் போதை வழக்கென்றால் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். கசிப்புக் காய்ச்சுகிறவர்களை எங்களுக்கு முகத்தோடு தெரியும். பிறகு கடலால் கஞ்சாப் பொதிகள் வந்தன. பிறகு ஹெரோயின் தூள். அதற்குப் பிறகு ஐஸ் என்கிற போதைப்பொருள். கூண்டில் ஏறுகிறவர்களின் வயது வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்தது. கசிப்புக்காரர் நீதவானைப் பார்த்துக் கும்பிடுவார்கள். தூள்காரர் எதையும் பார்ப்பதில்லை. நிலத்தைப் பார்த்தபடி நிற்பார்கள், கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

நான் சொல்லப்போகிற காலத்தில் எங்களுக்கு வாய்த்த நீதவான் வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். குரலை உயர்த்தமாட்டார். அவருடைய பேனைக்கு ஒரு மூடி இருந்தது. வழக்கைக் கேட்கும்போதும் கோவையை வாசிக்கும்போதும் அந்த மூடி பேனையிலேயே இருக்கும். கட்டளை எழுத முடிவெடுத்த பிறகுதான் கழற்றுவார். கழற்றிவிட்டால் பிறகு யார் என்ன சொன்னாலும் கையை நிறுத்தமாட்டார். சட்டத்தரணிகள் அவருடைய முகத்தைப் பார்த்து வாதாடுவதில்லை, மூடியைப் பார்த்துத்தான் வாதாடினார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட எவனிடமும், "என்ன வேலை செய்யிறனீர்?" என்று கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். சிலவேளை இரண்டு நிமிடம்கூட மன்று முழுக்க அமைதியாக இருக்கும். "ஒண்டும் இல்லை ஐயா" என்று பதில் வந்தால், "முந்தி என்ன செய்தனீர்?" என்பார்.

அவர் வந்த வருடம் உரும்பிராய்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி மகனுடைய பிணை விண்ணப்பத்தின்போது பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பினாள். தோட்டக்காரி. வெங்காயம் பிடுங்கிய கையோடு வந்தவள் மாதிரி நகமெல்லாம் மண்.

"ஐயா, உவனை வெளியிலை விடாதேங்கோ," என்றாள்.

மகனுக்குப் பிணை கேட்டுக்கொண்டிருந்த சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார். மன்றில் ஒழுங்கு பார்க்கிற ஆராச்சியார் அவளை இருத்தப் போனார். நீதவான் கையால் தடுத்தார்.

"ஏன் அம்மா?"

"மூண்டாம் தரம் ஐயா இது. நீர் இறைக்கிற மோட்டரைக் கழட்டி வித்துப்போட்டான். தங்கச்சின்ரை தோட்டைக் காதோடை இழுத்தவன். அவளுக்குக் காது கிழிஞ்சு போச்சு. முதல் தரமும் விட்டியள், ரெண்டாந் தரமும் விட்டியள். நாங்கள் வீட்டுக்குள்ளை பூட்டிக்கொண்டு படுக்கிறம் ஐயா. பெத்த பிள்ளைக்குப் பயந்து படுக்கிறம்."

நீதவான் பிணையை மறுத்தார். பிறகு தண்டனையும் கடுமையாகவே கொடுத்தார். அந்தத் தாய் வெளியே வந்து என் யன்னலடியில் நின்று, அழவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "இண்டைக்கு என்ரை பெட்டை நித்திரை கொள்ளுவாள்," என்றாள். கடும் தண்டனை கூடாது என்று யாராவது என்னோடு வாதாட வந்தால் எனக்கு அந்த நகங்கள்தான் கண்ணுக்குள் வரும். அதனால் நான் வாதாடுவதில்லை.

இனித் தவசீலன்.

முதலில் நடைமுறையைச் சொல்லவேண்டும். ஒருவன் குற்றவாளி என்று முடிவாகும்வரை முற்குற்றப் பத்திரம் நீதவானின் கைக்குப் போகக்கூடாது. பழைய கதையை வைத்துப் புதிய குற்றத்தைத் தீர்மானிக்கக்கூடாது என்பதற்காக. அவன் ஒப்புக்கொண்ட பிறகு, பொலிஸ் சார்ஜன் எழும்பி "முற்குற்றம் உண்டு" என்பார். நான் பத்திரத்தைக் கொடுப்பேன். முதலியார், அதாவது மன்றின் உரைபெயர்ப்பாளர், அதைக் கூண்டில் நிற்பவனுக்கு வாசித்துக் காட்டி, ஏற்றுக்கொள்கிறானா என்று கேட்பார். கைவிரல் அடையாளத்தைக் கொழும்புக்கு அனுப்பினால் முழு விபரமும் வரும், ஆனால் அதற்கு நாட்கள் செல்லும். அதனால் எங்கள் பதிவேட்டிலிருந்து நான் எழுதும் தாளைத்தான் அநேகமான நாட்களில் எடுப்பார்கள். தாளின் அடியில் ஒரு வரி இருக்கும்: "மூலக் கோவையுடன் ஒப்பிட்டுச் சரியெனக் கண்டேன்." அதற்குக் கீழே என் கையொப்பம்.

அந்தத் திங்கட்கிழமை நாற்பதுக்கு மேல் வழக்குகள். அதில் ஒன்று நடராசா தவசீலன், இருபத்தொன்பது வயது, வடகரையில் ஒரு கடற்கரை ஊர். சேட்டுப் பையில் ஒரு சிறு பொட்டலம் தூள். பதிவேட்டைப் புரட்டினேன். நடராசா தவசீலன், அதே ஊர், இரண்டு வருடத்துக்கு முன்னர் அதே குற்றம். தண்டனை இரண்டு வருடச் சிறை, ஐந்து வருடத்துக்கு ஒத்திவைப்பு. அப்படியென்றால், அந்த ஐந்து வருடத்துக்குள் திரும்பப் பிழை விட்டால் ஒத்திவைத்த இரண்டு வருடமும் புதிய தண்டனையோடு சேர்ந்து தலையில் விழும்.

மூலக் கோவை பதிவறையில் இருந்தது. பதிவறை முற்றத்துக்கு அப்பால். அன்று மழை. நான் போகவில்லை. பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, ஊர் சரி. தாளை எழுதினேன், ஒப்பிட்டுச் சரியெனக் கண்டேன் என்ற வரிக்குக் கீழே கையொப்பம் வைத்தேன். அந்த வருடங்களில் நான் இப்படிச் செய்தது முதல் தடவையுமல்ல.

தவசீலன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். முதலியார் பத்திரத்தை வாசித்தார்.

"உது என்ரை இல்லை ஐயா," என்றான்.

சார்ஜன் ஒரு சிரிப்புச் சிரித்தார். எங்களுக்கும் புதினமாக இருக்கவில்லை. தூள்காரர் எல்லாரும் சொல்வதுதான்.

"என்ன வேலை செய்யிறனீர்?" நீதவான் கேட்டார்.

"கடலுக்குப் போறனான். முந்தி மன்னாரிலை மீன்வாடியிலை நிண்டனான். ஐயா, பொட்டலம் என்ரைதான். அதுக்குத் தாற தண்டனையைத் தாங்கோ. ஆனா நான் ஒரு நாளும் இந்தக் கூண்டிலை ஏறினதில்லை."

நீதவான் மூடியைக் கழற்றவில்லை. வழக்கைப் பதினான்கு நாள் தள்ளிவைத்து, அதுவரை அவனைச் சிறையில் விளக்கமறியலில் வைக்கச் சொன்னார். கைவிரல் அடையாள அறிக்கையும் கேட்டார். இடைவேளையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சிவகுமாரி, மூலக் கோவையைப் பாத்தனீங்களோ?"

"ஓம் சேர்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தேடிப் பார்க்கிறேன். பயம் என்று சொல்லமுடியாது, அவர் கடிக்கிறவர் அல்லர். என் பத்திரத்தை அதுவரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. அந்தப் பெருமைதான் வாயைத் திறந்தது என்று நினைக்கிறேன். அவர் "சரி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் என் யன்னலடிக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் மீன் விற்கிற ஓலைக் கடகம், அதற்குள் கழுவிய தராசு.

"மிஸ், நான் தவசீலன்ரை தமக்கை. புஸ்பராணி. என்ரை தம்பி தூள் அடிக்கிறவன்தான். அதை நான் மறைக்கேல்லை. ஆனா நீங்கள் சொல்லுற அந்த வருசம் முழுக்க அவன் மன்னாரிலை. தீபாவளிக்கும் வரேல்லை. ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

"வாடியிலை நிண்டதுக்கு ஏதும் கடுதாசித் துண்டு கிடக்கோ?"

"கடலுக்குப் போறதுக்கு ஆர் மிஸ் துண்டு தாறது?"

அவள் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். யன்னலுக்கு நேரே இருந்த வாங்கில் பேசாமல் இருந்துவிட்டு, மீன் வாங்க நேரமாகிறது என்று எழும்பிப் போவாள். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுப் பதிவறைக்குப் போனேன்.

பதிவறைக்குப் பொறுப்பாக இருந்தவர் தர்மலிங்கம் அண்ணை. கோவை அதன் இடத்தில் இல்லை.

"உது எங்கை பிள்ளை போகும், கால் முளைச்சே?" என்று தானும் ஏணியில் ஏறினார். அன்று கிடைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை, வேறு வருடக் கட்டொன்றுக்குள் இருந்து இழுத்தெடுத்து, தூசியைத் தட்டித் தந்தார்.

நின்றபடியே திறந்தேன். நடராசா தவசீலன். வயது நாற்பத்தொன்று. பிணைமுறியில் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் அடையாளம், பக்கத்தில் முதலியாரின் குறிப்பு: "எழுதத் தெரியாதவர்." என்னுடைய தவசீலனுக்கு இருபத்தொன்பது வயது. பொலிஸ் எடுத்த பொருட்களுக்கான பற்றுச்சீட்டில் அவன் ஆங்கிலத்தில் நல்ல வடிவாகக் கையொப்பம் வைத்திருந்தான். ஊரும் பெயரும் தகப்பன் பெயரும் ஒன்று, ஆட்கள் இரண்டு. பதிவேட்டில் வயதுக்கு ஒரு நிரல் இருந்திருக்கவில்லை. முற்றத்தைக் கடந்து போயிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். கோவையைப் பழைய கட்டுக்குள்ளேயே திரும்பச் செருகிவிடலாம் என்று நினைத்தேன். கைவிரல் அறிக்கை எப்படியும் வரும், அவனுக்கு முற்குற்றம் இல்லை என்று அது சொல்லும், என் பெயர் அடிபடாது. அறிக்கை பிந்தினால் அவன் இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருப்பான், அவ்வளவுதானே. இந்த "அவ்வளவுதானே" என்னைப் பயப்படுத்தியது. கோவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே நீதவானின் அறைக்குப் போனேன்.

"சேர், அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

அவர் நிமிர்ந்தார். "என்ன பொய்?"

"மூலக் கோவையைப் பாக்கேல்லை. பதிவேட்டை மட்டும் பாத்துக் கையொப்பம் வைச்சனான். இது வேறை ஆள்."

கோவையை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தார். என்னை இருக்கச் சொல்லவில்லை. பெருவிரல் அடையாளம் இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

"அவன் மறுக்காமல் நிண்டிருந்தா, நான் அண்டைக்கே எழுதியிருப்பன்."

"ஓம் சேர்."

"எத்தினை பேர் மறுக்காமல் நிண்டிருப்பினம்?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார், கூண்டில் நிற்பவர்களிடம் காத்திருப்பது போலவே.

"தெரியாது சேர்," என்றேன் கடைசியில். "ஆனா பாத்துச் சொல்லுவன். நான் எழுதின எல்லாத்தையும் எடுத்துப் பாத்துச் சொல்லுவன்."

"பாருங்கோ. அதுக்கு முதல், எனக்குச் சொன்னது காணாது. அவனுக்கு முன்னாலை சொல்லோணும்."

வழக்கை அடுத்த நாளே கூப்பிட்டார். இத்தனை வருடமும் மேசைக்குப் பின்னால் இருந்த நான் முதல் தடவையாகச் சாட்சிக் கூண்டில் ஏறினேன். என் கூடவே தேநீர் குடிக்கிற முதலியார் எனக்குச் சத்தியம் செய்துவைத்தார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. ஒப்பிட்டதாக எழுதியது உண்மையல்ல, இது வேறொருவருடைய குற்றம் என்று திறந்த மன்றில் சொன்னேன். தவசீலன் நிலத்தைப் பார்த்தபடி நின்றவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்ப்பான் என்று நினைத்தேன். கொஞ்சம் வெட்கப்பட்டவன் மாதிரித்தான் பார்த்தான், எனக்காக.

கைவிரல் அறிக்கையும் பிறகு வந்தது. முற்குற்றம் எதுவும் இல்லை. அன்று நீதவான் மூடியைக் கழற்றினார். ஆறு மாதச் சிறை, ஒத்திவைப்பு, சிகிச்சைக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனை.

"இது உமக்கு முதல் தரம்," என்றார். "ரெண்டாம் தரம் எண்டு ஒண்டு வந்தா, அதை நிரூபிக்க இந்த மன்று கஷ்டப்படத் தேவையில்லை. விளங்குதோ?"

"விளங்குது ஐயா."

எனக்கும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. என் சுயவிபரக் கோவையில் இன்றும் இருக்கும். நியாயமான எச்சரிக்கை. அந்த வருட முடிவுவரை சனிக்கிழமைகளில் போய், நான் கையொப்பம் வைத்த பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாக மூலக் கோவையோடு ஒப்பிட்டேன். தர்மலிங்கம் அண்ணை கேட்காமலே கதவைத் திறந்துவிட்டு, தனக்கும் எனக்கும் பிளேன்ரீ வாங்கி வருவார். கடைசிக் கட்டையும் பார்த்து முடித்த அன்று, வேறெதிலும் ஆள் மாறவில்லை என்று கண்டதும், ஏணியின் கீழ்ப்படியில் இருந்து அழுதேன். அவர் பேப்பர் வாசிப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். முடியவில்லை. ஒன்றரை வருடத்தில் தவசீலன் மறுபடி பிடிபட்டான். இந்த முறை பொட்டலம் கொஞ்சம் பெரிது. அந்த நீதவான் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவருக்குப் பத்திரம் கொடுக்கவேண்டியது நான்தான்.

பதிவறைக்குப் போனேன். கோவையை எடுத்தேன். வயது, கையொப்பம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஒப்பிட்டேன். முற்குற்றம்: ஒன்று என்று எழுதினேன். அந்த ஒன்றைத் திரும்பவும் கோவையோடு வைத்துப் பார்த்தேன். பிறகு கையொப்பம் வைத்தேன்.

முதலியார் வாசித்துவிட்டு, ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"ஓம் ஐயா. இது என்ரைதான்," என்றான் தவசீலன்.

ஒத்திவைத்த ஆறு மாதமும் புதிதாக ஒரு வருடமும். சிறைச்சாலை வாகனம் போன பிறகு புஸ்பராணி என் யன்னலடிக்கு வந்தாள். அன்று கடகம் இல்லை.

"மிஸ், அண்டைக்கு நீங்கள் உண்மை சொல்லாமல் விட்டிருந்தா, அப்பவே உள்ளை போயிருப்பான். அப்பவே போயிருந்தாத் திருந்தியிருப்பானோ?"

அவள் என்னைக் குத்தவில்லை. உண்மையாகவே கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியவில்லை என்று சொன்னேன்.

"எனக்கும் தெரியேல்லை," என்றாள். "ஆனா இந்த முறை அவன் கத்தேல்லை மிஸ். போன முறை மறியலிலை பாக்கப் போன நேரமெல்லாம், என்னை ஆரோ எண்டு நினைச்சு அடைச்சு வைச்சிருக்கினம் எண்டு கம்பியிலை தலையை அடிச்சவன்."

அதற்குப் பிறகு நான் இளைப்பாறிவிட்டேன். காலையில் பூக்கண்டுக்குத் தண்ணீர், பின்னேரம் கணவரோடு நடை. சட்டம் இறுகட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். உரும்பிராய்த் தாய்க்கு நான் வேறு என்ன சொல்லமுடியும்? சரியான ஆளுடைய தலையில் விழவேண்டும் என்பது மட்டும்தான் என் கவலை. அதை என் கதிரையில் இருப்பவள் பார்த்துக்கொள்வாள். முற்றத்தில் மழை பெய்தாலும் பதிவறைக்குப் போகிற பிள்ளை அவள்.

மூன்று மாதத்துக்கு முன்னர் சுன்னாகம் சந்தையில் மீன் பக்கத்தில் நின்றேன். லொறியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் இறக்கிய பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தான்.

"மிஸ், என்னைத் தெரியுதோ?"

உடம்பு வைத்திருந்தது. கால் ஆடவில்லை. ஆனால் தெரிந்தது.

"தவசீலன். எங்கை வேலை?"

"ஐஸ் கொம்பனியிலை."

என் முகம் மாறியிருக்கவேண்டும். அவன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஐயோ மிஸ், மீனுக்குப் போடுற ஐஸ்! ஆருக்குச் சொன்னாலும் இப்பிடித்தான் பாக்கினம்."

நானும் சந்தை நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"விண்ணப்பப் போமிலை கேட்டிருந்தினம், முந்தித் தண்டனை பெற்றிருக்கிறீரோ எண்டு. ஓம், ரெண்டு தரம் எண்டு எழுதினனான். முதலாளி வாசிச்சுப்போட்டு, ரெண்டுதானோ, இல்லை இன்னும் கிடக்கோ எண்டு கேட்டார். ரெண்டுதான் ஐயா, வேணுமெண்டாக் கோட்டிலை கேட்டுப் பாருங்கோ, அங்கை சரியா எழுதி வைச்சிருக்கினம் எண்டனான்."

லொறியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வாறன் மிஸ்" என்று திரும்பியவன், குனிந்து பெட்டிக்குள்ளிருந்து இரண்டு கையாலும் ஐஸ்கட்டிகளை அள்ளி, என் மீன் பைக்குள் போட்டுவிட்டு ஓடினான். வீடு வந்து சேரும்வரை பை கனத்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணின் சேலையெல்லாம் நனைந்து, நான் நல்ல பேச்சு வாங்கினேன்.